பழைய ஃபிளாட்ட வாங்கி, புதுசாக்கி, வித்து லாபம் பாக்கச் சொல்லித்தர்ற ரெண்டு நாள் கிளாஸ் – காசு குடுத்துப் போலாமா?

மார்க்க முதல்லயே சொல்லிடுறேன். 5க்கு ரெண்டரை. அதுல ரெண்டு மார்க், ஞாயித்துக்கிழமை காலைல வந்த வக்கீல் மேடத்துக்கு. மிச்ச அரை, மதியம் போட்ட சாப்பாட்டுக்கு. மத்தபடி அந்த ரெண்டு நாள்ல மேடைல நின்ன மெயின் சார் வாயாலயே வடை சுட்டாரு, சுட்ட வடைய நமக்கே வித்தாரு.

கிளாஸ் பேரு போடல. சென்னைல இதே மாதிரி பல பேரு நடத்துறாங்க, சிலபஸ் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால யாரோட கிளாஸுக்குப் போனாலும் இத படிச்சிட்டுப் போங்க. ஃபீஸ் 14,999, அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி, ஆக கிட்டத்தட்ட 17,700 ரூவா. தாம்பரம் போற ஜி.எஸ்.டி ரோட்டுல ஒரு ஹோட்டல் பேங்க்வெட் ஹால், ஏசி நல்லா இருந்துச்சு, ஃபைல், பேனா, ஒரு பேட்ஜ். வந்தவங்கள்ல பாதிப் பேரு ஐ.டி, லே ஆஃப் பயத்துல ரெண்டாவது வருமானம் தேடி வந்தவங்க. ரிட்டயர் ஆகி கையில பி.எஃப் காசோட வந்த பெரியவங்களும் இருந்தாங்க, எனக்கு அவங்கள நெனச்சாதான் பயமா இருந்துச்சு.

முதல் நாள் காலைல முழுக்க அமெரிக்கா. ஃபிளிப்பிங்னா என்ன, அங்க எப்படி இடிஞ்ச வீட்ட வாங்கி கிச்சன மாத்தி மூணு மாசத்துல விக்கிறாங்க, அப்புறம் 70 பர்சன்ட் ரூல். அதாவது வீட்ட ரிப்பேர் பண்ணி முடிச்ச பிறகு என்ன விலைக்குப் போகுமோ அதுல 70% எடுத்துக்க, அதுல ரிப்பேர் செலவ கழி, மீதி வர்றதுதான் நீ வாங்க வேண்டிய அதிகபட்ச விலை. ஒரு கோடிக்குப் போற வீடு, 10 லட்சம் ரிப்பேர்னா, 60 லட்சத்துக்கு மேல குடுக்காத. கணக்கு அங்க தப்பில்ல, அந்த 30%லதான் அவங்க வட்டி, புரோக்கர் கமிஷன், வரி, லாபம் எல்லாம் அடங்கும். ஆனா டெக்ஸாஸ் மாதிரி ஸ்டேட்ல சொத்து கை மாறும்போது டிரான்ஸ்ஃபர் டாக்ஸே கிடையாது, பேங்க் ஜப்தி பண்ணி ஏலத்துக்கு விடுற வீடுங்க வரிசையா கிடைக்கும், பெரும்பாலும் மர ஃபிரேம் வீடு, செவுத்த பிரிச்சு மாட்டலாம். இது எதையும் சார் சொல்லல. இவ்ளோ வசதி இருக்குற அந்த ஊர்லயே ஜில்லோனு ஒரு பெரிய கம்பெனி, நாடு முழுக்க வீட்டு விலை டேட்டா கையில வச்சிருந்தவங்க, கம்ப்யூட்டர் சொன்ன விலைக்கு வீடா வாங்கிக் குவிச்சு, கடைசில 2021 நவம்பர்ல அந்த பிசினஸையே இழுத்து மூடிட்டு ஆளுங்கள்ல கால்வாசிப் பேர வீட்டுக்கு அனுப்புனாங்க. அதுவும் ஸ்லைடுல வரல, வராதுனு வைங்க.

மதியத்துக்கு மேல சென்னை உதாரணம். 25 வருஷப் பழைய ஃபிளாட், 2 பி.எச்.கே, 60 லட்சத்துக்கு வாங்குறோம், 8 லட்சத்துக்கு வேலை பாக்குறோம், 82 லட்சத்துக்கு விக்கிறோம், லாபம் 14 லட்சம், கைதட்டுங்க. எல்லாரும் தட்டுனாங்க. எனக்குப் பக்கத்துல இருந்த ஒருத்தர் மட்டும் கைய தூக்கி "சார், ரெஜிஸ்ட்ரேஷன் செலவு எங்க சார்"னு கேட்டாரு. அது டீடெயில்ஸ், அட்வான்ஸ்டு மாட்யூல்ல வரும்னு பதில். இத்தனைக்கும் காலைல அவரே சொன்ன 70% ரூல்ல 82 லட்சத்தப் போட்டா வாங்க வேண்டிய விலை 49 லட்சத்து 40 ஆயிரம். 60 இல்ல. சாரோட ஃபார்முலா சாரோட உதாரணத்துக்கே ஒத்து வரல, ஒருத்தரும் கண்டுக்கல.

நான் டீ பிரேக்ல போன எடுத்து கணக்கு போட்டேன், நீங்களும் போட்டுப் பாருங்க. தமிழ்நாட்டுல பழைய ஃபிளாட் கைமாறுனா முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, மொத்தம் 9. 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் பத்திர ஆபீஸ் வாசல்லயே போயிடுது. வாங்கும்போது புரோக்கருக்கு 1%னு வச்சா 60 ஆயிரம். வக்கீல், பத்திரம் எழுதுறவருக்கு ஒரு 30 ஆயிரம். வேலை 8 லட்சம். லோன் 80%னு வைங்க, 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்கும் லோன் எடுத்தா வீட்டு மதிப்புல 80%க்கு மேல குடுக்கக் கூடாதுன்றது ரிசர்வ் பேங்க் ரூல், அப்போ லோன் 48 லட்சம், 9% வட்டில 9 மாசத்துக்கு வட்டி மட்டும் 3 லட்சத்து 24 ஆயிரம். அசோசியேஷன் மெயின்டனன்ஸ் மாசம் 2,500னா 22,500. விக்கும்போது புரோக்கருக்கு 82 ஆயிரம். எல்லாத்தையும் கூட்டுனா 78 லட்சத்து 58 ஆயிரத்துக்கு மேல வருது. லோன் ப்ராசஸிங், எம்.ஓ.டி (பேங்குக்கு பத்திரத்த அடமானம் வைக்குறது) பதிவுச் செலவெல்லாம் நான் சேக்கவே இல்ல.

ஆக லாபம் 3 லட்சத்து 41 ஆயிரம். இதுவும் முழுசா நமக்கில்ல. 24 மாசத்துக்குள்ள வித்தா ஷார்ட் டெர்ம் கேப்பிடல் கெயின், அதாவது சீக்கிரமே சொத்த வித்து வந்த லாபம், உங்க சம்பளத்தோட சேத்து ஸ்லாப் ரேட்ல வரி. 30% ஸ்லாப்ல இருக்கவருக்கு குறைஞ்சது ஒரு லட்சம் அதுல போகும். கையில நிக்கிறது ரெண்டே கால் லட்சம் சொச்சம், அதுக்கு நம்ம சொந்தக் காசு 26 லட்சம் ஒம்பது மாசம் மொடங்கிக் கெடக்கணும். விக்கிறது ஆறு மாசம் தள்ளிப்போனா வட்டி மட்டும் இன்னொரு 2 லட்சத்து 16 ஆயிரம், அவ்ளோதான், லாபம் காலி. கிளாஸ்ல 12.5% வரினு ஒரு லைன் வந்துச்சு பாருங்க, அது ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்து விக்கிறவங்களுக்கு, 2024 ஜூலை பட்ஜெட்ல வந்தது. 9 மாசத்துல ஃபிளிப் பண்றவங்களுக்கும் அந்த ரேட்டுக்கும் சம்பந்தமே இல்ல. அதுலயும் இதே வேலையா வாங்கி வாங்கி வித்தா, இது கேப்பிடல் கெயினே இல்ல, உன் பிசினஸ் வருமானம்னு இன்கம் டாக்ஸ் டிபார்ட்மென்ட் சொல்ல வாய்ப்பிருக்கு.

இந்த 9% கதையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க, ஏன்னா பழைய யூடியூப் வீடியோ பாத்துட்டு 11னு ஒருத்தர் சொல்லுவாரு, 8னு ஒருத்தர் சொல்லுவாரு. 2017ல கைடுலைன் வேல்யூவ (அரசாங்கம் இடத்துக்கு வச்சிருக்குற மதிப்ப) 33% குறைச்சிட்டு பதிவுக் கட்டணத்த 1ல இருந்து 4% ஆக்குனாங்க. 2023 ஏப்ரல்ல கைடுலைன் வேல்யூவ பழையபடி ஏத்திட்டு கட்டணத்த 2%க்கு எறக்குனாங்க. அதான் 11 இப்போ 9. ஆனா பில்டர்கிட்ட நேரா வாங்குற புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பர்ல இருந்து வேற கணக்கு, 50 லட்சம் வரைக்கும் 4% தீர்வை, அதுக்கு மேல மூணு கோடி வரைக்கும் 5%, கூட 2% பதிவுக் கட்டணம். அப்போ யோசிங்க, நம்ம 82 லட்சம் பழைய ஃபிளாட்ட வாங்க வர்றவர் 9% கட்டணும், பக்கத்துத் தெருல வேலை முடிஞ்சு சி.சி, அதாவது கட்டி முடிச்ச சான்று, வாங்குன புது ஃபிளாட்டுக்குப் போனா 7% தான், ஜி.எஸ்.டியும் இல்ல. நம்ம போட்டி யாரோடன்னு புரியுதா.

இதுக்கு சார் ஒரு வழி வச்சிருந்தாரு, மைக்க கொஞ்சம் தள்ளி வச்சிட்டு சொன்னாரு. "பத்திரத்துல கைடுலைன் வேல்யூ போட்டுக்கங்க, மீதிய கையில குடுத்துடுங்க, ஊரே அப்படித்தான் பண்ணுது." ஊரு பண்றது உண்மைதான். ஆனா சொத்து விஷயத்துல 20,000 ரூவாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா கைமாறுனா அந்தக் காச வாங்குனவர் மேல அதே அளவு தொகைய அபராதமா போட சட்டத்துல இடம் இருக்கு. நாம விக்கும்போது காச வாங்குறவர் நாமதான். சரி, சட்டத்த விடுங்க, ஃபிளிப் பண்றவனுக்கு கணக்குலயே இது கைய கடிக்கும். 40 லட்சம்னு பத்திரம் போட்டு வாங்குறீங்க, உங்ககிட்ட வாங்குறவர் ஐ.டி கம்பெனி ஆளு, முழுசா லோன், முழுசா வெள்ளை, 82 லட்சத்துக்கும் பத்திரம். பேப்பர்ல உங்க லாபம் 42 லட்சம் ஆயிடுச்சு, வரிய யாரு கட்டுவா? போதாததுக்கு பத்திரத்துல 40னு போட்டா லோனும் அதுக்கேத்த மாதிரி கொறையும். இந்தக் கேள்விய யாரும் கேக்கறதுக்குள்ள அடுத்த ஸ்லைடு போயிடுச்சு.

சாயங்காலம் சைட் விசிட். கிளாஸ்லயே இதுதான் சுவாரஸ்யமான இடம். மடிப்பாக்கம் பக்கம் ஒரு பழைய அபார்ட்மென்ட், மூணாவது மாடி, காலியா இருந்த வீடு. சார் உள்ள நுழைஞ்சதும் "இந்தச் செவுத்துக்கு டெக்ஸ்ச்சர் பெயின்ட், இங்க ஃபால்ஸ் சீலிங், இங்க மாடுலர் கிச்சன், விலை எகிறும்"னு ஆரம்பிச்சாரு. எங்க கூட வந்த ஒருத்தர், திருநெல்வேலிப் பக்கம், பில்டிங் சூப்பர்வைசரா இருந்தவராம், எதுவும் பேசாம மூலைல கெடந்த துடைப்பக் கட்டைய எடுத்து பெட்ரூம் சீலிங்க வரிசையா தட்டிட்டே வந்தாரு. டங், டங், டங், அப்புறம் பாத்ரூம் பக்கத்துல வந்ததும் டொப், டொப். "அண்ணாச்சி என்னது"னு கேட்டேன். "உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதியிருக்கு தம்பி, பூச்சு தனியா நிக்கி. மேல்வீட்டு பாத்ரூம் தண்ணி எறங்குது. நீங்க ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைச்சா ரெண்டு மழைல அதோட சேத்து விழும்"னாரு. அதுக்கு மேல்வீட்டுக்காரர் சம்மதிச்சு அவரு பாத்ரூம ஒடைச்சு வாட்டர் ப்ரூஃபிங் பண்ணணும், காசு யாரு போடுறதுனு அசோசியேஷன்ல பஞ்சாயத்து நடக்கணும். எட்டு லட்சத்துல எந்த லைன்ல இது வரும்? சார் சிரிச்சிட்டு "பார்கெயின் பண்றதுக்கு நல்ல பாயின்ட்"னாரு. நான் அந்த அண்ணாச்சி நம்பர வாங்கி வச்சிருக்கேன், 17,700 குடுத்ததுக்கு உருப்படியா கெடச்சதுல அதுவும் ஒண்ணு.

ஆனா மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வாங்க வர்றவங்க டெக்ஸ்ச்சர் பெயின்ட்ட பாக்குறதே இல்லைங்க. முதக் கேள்வி 2015ல தண்ணி வந்துச்சா, ரெண்டாவது 2023 மிக்ஜாம் புயல்ல எவ்ளோ நின்னுச்சு. மழை அலர்ட் வந்தாலே வேளச்சேரி ஃபிளைஓவர்ல காரக் கொண்டுபோய் நிறுத்துற ஊரு இது. அதுக்கடுத்த கேள்வி யூ.டி.எஸ் எவ்ளோ. பழைய ஃபிளாட்ல விலை நிக்கிறது மனைல நமக்கு இருக்குற பிரிக்காத பங்கு, அதாவது இந்த யூ.டி.எஸ்லதான், டைல்ஸ்ல இல்ல. 850 சதுர அடி ஃபிளாட்டுக்கு 450 யூ.டி.எஸ் இருக்குறதும் 250 இருக்குறதும் வேற வேற சொத்து. இந்த விஷயத்துக்கு ரெண்டு நாள்லயும் ஒரே ஒரு ஸ்லைடுதான். 2022ல தமிழ்நாட்டுல புது அபார்ட்மென்ட் ஓனர்ஷிப் சட்டம் வந்து 2024ல இருந்து நடைமுறைல இருக்கு, அதுப்படி மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க ஒத்துக்கிட்டா பழைய பில்டிங்க இடிச்சுக் கட்டலாம். பழைய ஃபிளாட்ல நெசமான லாபம் எங்கயாவது இருக்குன்னா அங்கதான் இருக்கு, ஆனா அதுக்குப் பொறுமை வேணும், வருஷக் கணக்கு ஆகும், ஒம்பது மாச ஃபிளிப் இல்ல அது.

ரெண்டாவது நாள் வக்கீல் மேடம். இவங்க பேசும்போது மட்டும்தான் நான் பேனாவ கீழ வைக்கல. வந்த ஒடனே ஒரு பழைய வில்லங்கச் சான்ற ஸ்கிரீன்ல போட்டாங்க, பேரெல்லாம் கருப்பு மையில மறைச்சு. "இதுல என்ன தப்பு, கண்டுபிடிங்க"னாங்க. 1986ல அப்பா வாங்கியிருக்காரு, 2009ல மகன் விக்கிறாரு, நடுவுல எதுவும் இல்ல. அப்பாகிட்ட இருந்து மகனுக்கு எப்படி வந்துச்சு? செட்டில்மென்ட்டா, உயிலா, எறந்துபோயி வாரிசா? வாரிசுன்னா அம்மா எங்க, தங்கச்சி எங்க, அவங்க பங்க விட்டுக்குடுத்த விடுதலைப் பத்திரம் எங்க? அந்தத் தங்கச்சி இன்னிக்கு வந்து கேஸ் போட்டா நீங்க பாத்த டெக்ஸ்ச்சர் பெயின்ட் கோர்ட்டுலதான் காயும்னு சொன்னாங்க, ஹாலே அமைதி. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்துன்னா பொண்ணுங்களுக்கும் பிறப்புலயே பங்கு, தமிழ்நாடு 1989லயே கொண்டுவந்துச்சு, மத்திய சட்டத்துல 2005ல வந்துச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட் அத இன்னும் தெளிவாக்கிடுச்சுனு வரிசையா சொன்னாங்க.

ஆன்லைன்ல பதிவுத்துறை சைட்ல 1975ல இருந்து வில்லங்கம் காசு கட்டாமலே பாக்கலாம், அதுக்கு முந்தினது ஆன்லைன்ல கெடைக்கலனா சார்பதிவாளர் ஆபீஸ்ல மேனுவலா போடணும். ஆனா ஈ.சில, அதாவது வில்லங்கச் சான்றுல, வராத விஷயம்தான் ஆபத்துனாங்க. பதிவு பண்ணாத உயில், கோர்ட்ல ஓடுற கேஸ், பதியாத அக்ரிமென்ட். பவர் ஏஜென்ட் வித்தா, பவர் குடுத்தவர் உயிரோட இருக்காரானு மொதல்ல பாருங்க, வெறும் பவர் பத்திரத்த வச்சே சொத்து என்னுதுனு சொல்றது செல்லாதுனு 2011லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மைனர் பங்கு இருந்தா கோர்ட் பர்மிஷன் இருக்கானு பாக்கணும். ஃபிளாட்டுக்கு பட்டா இல்லைனு பல பேரு விட்டுடுறாங்க, மனைக்கு பட்டா யார் பேர்ல இருக்குனு பாருங்கனாங்க.

அப்புறம் சென்னைல கொஞ்சம் மலிவா ஃபிளாட் கெடைக்குறதே பெரும்பாலும் பசங்க ஃபாரின்ல இருந்து, அப்பா அம்மா போனப்புறம் வித்துடலாம்னு நெனைக்குற வீடுங்கதான். அங்கதான் டி.டி.எஸ் மாட்டும், அதாவது விக்கிறவருக்குக் குடுக்குற காசுலயே வரிய பிடிச்சு நாம கட்டுறது. வித்தவர் இங்கயே இருக்கவர்னா 50 லட்சமும் அதுக்கு மேலயும் போற சொத்துக்கு 1% பிடிச்சு கட்டணும். என்.ஆர்.ஐ.ன்னா 1% இல்ல, 50 லட்சம் வரம்பும் இல்ல, ரொம்ப அதிகம், பிடிக்காம விட்டா டிபார்ட்மென்ட் புடிக்கிறது வாங்குனவன. மேடம் இத சொன்னப்போ மெயின் சாரே நோட் எடுத்தாரு, நான் பாத்தேன்.

அவங்களுக்குக் குடுத்த நேரம் ஒன்றரை மணி நேரம் மட்டும். கேள்வி கேக்கவே விடல, ஏன்னா அடுத்து "ஃபயர் மைன்ட்செட்" செஷன். நெருப்பு மேல நடக்குறது இல்ல, நல்லவேளை, கண்ண மூடிட்டு நம்ம எட்டாவது வீட்ட கற்பனை பண்றது.

இன்னொரு விஷயம், நம்ம ஊர்ல காலங்காலமா நடக்குற ஃபிளிப்பிங் பெயின்ட் அடிச்சு விக்கிறது இல்ல, அக்ரிமென்ட்லயே கைமாத்துறது. அட்வான்ஸ் குடுத்து மூணு மாசம் டைம் வாங்கி, அதுக்குள்ள வேற ஆளப் புடிச்சு நேரா அவரு பேருக்கே பத்திரம் போட வச்சு நடுவுல லாபத்த எடுத்துக்கறது. இதுல 9% ரெண்டு தடவ கட்ட வேண்டாம், அதான் எல்லாரும் பண்றாங்க. சாரும் இததான் "ஜீரோ இன்வெஸ்ட்மென்ட் மாடல்"னு சொன்னாரு. ஆனா தமிழ்நாட்டுல 2012ல இருந்து கிரய அக்ரிமென்ட்ட கட்டாயம் பதிவு பண்ணணும். வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு, ஓனர் மனசு மாறுனாலோ மூணு மாசத்துல ஆளு கெடைக்கலனாலோ, அட்வான்ஸ் காசுக்கு வாசல்ல போய் நிக்கணும். பதிவு பண்ணா அது ஈ.சில ஏறிடும், வர்ற பார்ட்டி பாத்துட்டு "நடுவுல நீங்க எவ்ளோ அடிக்கிறீங்க"னு கேப்பான். ஜீரோனு எதுவும் இல்ல.

லோன் பத்தின செஷன் ஒண்ணு இருந்துச்சு, டவுன் பேமென்ட்டுக்கு பர்சனல் லோன் எடுங்க, அடுத்தவன் காசுல பணக்காரன் ஆகலாம்னு. இத கேட்டதும் என் வீட்டுக்காரம்மாவுக்கு மெசேஜ் போட்டேன், "எந்திரிச்சு வந்துடுங்க"னு பதில் வந்துச்சு. ஃப்ளோட்டிங் ரேட் ஹோம் லோன முன்கூட்டியே கட்டி முடிச்சா தனிநபருக்கு அபராதம் இல்ல, அது நல்ல விஷயம், அத சொன்னாங்க. ஆனா பில்டிங் ரொம்பப் பழசுன்னா பேங்க் வேல்யூயர் வந்து பாத்துட்டு கைய விரிப்பாரு, அப்ரூவ்டு பிளான மீறிக் கட்டுன மூணாவது மாடின்னா கேக்கவே வேணாம், அது நமக்கு மட்டும் இல்ல நம்மகிட்ட வாங்க வர்றவருக்கும்தான், அத சொல்லல. ஹோம் லோன் அசலுக்கு 80சி கழிவு எடுத்திருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள வித்தா அந்தக் கழிவெல்லாம் திரும்ப வருமானத்துல ஏறும்ங்கறதும் வாயத் தொறக்கல.

கடைசி ஒரு மணி நேரம் என்னன்னு உங்களுக்கே தெரியும். மாஸ்டர்மைன்ட் குரூப், ஒன்றரை லட்சம், இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சேந்தா 99,000. ரெஜிஸ்ட்ரேஷன் செலவு எங்கனு கேட்டவருக்கு சொன்னாங்களே அட்வான்ஸ்டு மாட்யூல், அது இதுக்குள்ளதான் இருக்காம். கார்டு ஸ்வைப் மிஷினோட மூணு பேரு கதவுகிட்ட நின்னாங்க.

சாப்பாடு சொல்லணும்ல, சாம்பார் சாதம், தயிர் சாதம், வத்தக்குழம்பு, அப்பளம், ஒரு ஜாங்கிரி. வத்தக்குழம்பு பிரமாதம்.

யாரு போலாம்னு கேட்டா, சொந்தமா குடியிருக்க பழைய ஃபிளாட் தேடுறவங்க வேணும்னா போங்க, அதுவும் ரெண்டாவது நாள் காலைல மட்டும் விட்டாங்கன்னா. ஃபிளிப் பண்ணி சம்பாதிக்கணும்னு போறவங்க அந்த 17,700ல ஒரு நல்ல சிவில் வக்கீல்கிட்ட ஒரு சொத்தோட பேப்பர்ஸ குடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்குங்க, பக்கத்துலயே உக்காந்து எப்படி பாக்குறாருனு கேளுங்க, மீதிக் காசுல ஒரு அனுபவசாலி மேஸ்திரிய கூட்டிட்டுப் போயி சீலிங்க தட்டச் சொல்லுங்க. ரீஃபண்ட் பாலிசி இருக்குனு வெப்சைட்ல போட்டிருக்கு, நான் கேட்டதுக்கு "முதல் நாள் லஞ்சுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும் சார்"னாங்க.

நோட்ஸ் பி.டி.எஃப் அனுப்புங்கனு இன்பாக்ஸ்ல வராதீங்க, ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்கால என் போன் நம்பர வாட்டர்மார்க்கா போட்டு வச்சிருக்காங்க.